ஸ்டார் வார்ஸ்: பிள்ளைக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது? 1, 2, 3 பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

வைகை வடகரை

என் மகளுக்கு ஒன்பது வயது. அரையாண்டு லீவில் அவளோடு உட்கார்ந்து ஸ்டார் வார்ஸ் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எந்தப் படத்தில் தொடங்குவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் போன ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் வந்துவிட்டது. பரிமாறிய கறிக்குழம்பு ஆறிப்போயும் முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1977, 1980, 1983 என்று மூன்று படங்கள் வந்தன. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பதினாறு வருடம் கழித்து, 1999இல், ஜார்ஜ் லூகாஸ் திரும்பி வந்து அந்தக் கதைக்கு முந்தைய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்து 2002, 2005. பின்னால் வந்த இந்த மூன்றுக்கும் 1, 2, 3 என்று எண். முன்னால் வந்தவை 4, 5, 6. "நம்பர் போட்டிருக்குல்ல, நம்பர்படி காட்டு" என்கிறான் தம்பி. வந்த வரிசையில்தான் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

என் காரணம் ஒன்றுதான். 1980 படத்தில், கை வெட்டுப்பட்டு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் நாயகன் லூக்கிடம், நான்தான் உன் அப்பா என்கிறான் வில்லன் டார்த் வேடர். படப்பிடிப்பில் கறுப்பு உடைக்குள் இருந்த நடிகர் பேசியது வேறு வசனம். உண்மையான வசனத்தை ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பிறகு டப்பிங்கில் பேசினார். லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கே அந்தக் காட்சியை எடுப்பதற்குச் சற்று முன்புதான் விஷயத்தைச் சொன்னார்கள். அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம், 1, 2, 3 பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பழைய சேதி. அந்த ஒரு நிமிடத்தை என் மகளிடமிருந்து நானே பிடுங்குவதா?

நான் அதை ஹாஸ்டலில், வாடகை விசிடியில் பார்த்தேன். இரண்டாவது சிடியில் கீறல். பற்பசை தடவி, பனியனால் துடைத்து, நான்காவது தடவை போட்டபோதுதான் ஓடியது. அந்த வசனம் வந்ததும் அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படிக் காட்டினீர்கள்? 1, 2, 3 பிடிக்கும் என்பவர்கள் ஏன் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள். தம்பி சொன்னதை முழுதாகக் கேட்காமல் பேசிவிட்டேனே என்று பிறகு வருத்தமாக இருந்தது.


ரீகல் பெஞ்ச்

தம்பி, உங்கள் கட்சிதான் நானும். நான் மதுரை மேலவெளி வீதி ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவன். விக்டோரியா எட்வர்ட் மன்றம், பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் படம். வசனம் பாதி புரியாது. ஆனாலும் திரையில் நடப்பது விளங்கிவிடும், ஏனென்றால் நல்ல படம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு இருக்காது.

1999 படத்தில் எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். 1977இல் ஒரு கிழவர், 'ஃபோர்ஸ்' என்பது உயிர்களைச் சூழ்ந்து நிற்பது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பது என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார். அவ்வளவு போதும். நமக்கு அது அந்நியமே இல்லை. 1999இல் என்ன செய்தார்கள்? பின்னால் வேடராகப் போகும் சிறுவன் அனகினின் ரத்தத்தை எடுத்து, அதில் ஃபோர்ஸோடு தொடர்புள்ள மிடிக்ளோரியன் என்ற நுண்ணுயிர்களை எண்ணுகிறார்கள். இருபதாயிரத்துக்கு மேல், பெரிய குரு யோடாவுக்கே அவ்வளவு இல்லை என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரைப் பிடித்து உட்கார வைத்து ரத்தப் பரிசோதனை செய்தால் எப்படி இருக்கும்? ரிசல்ட் சரியாகவே வரட்டும். அதற்கப்புறம் அவர் முன்னால் கைகூப்பி நிற்க முடியுமா?

இன்னொன்று. பழைய படங்களைப் பலர் சேர்ந்து செய்தார்கள். 1980 படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். திரைக்கதை லீ பிராக்கெட், லாரன்ஸ் காஸ்டன். 1977 படத்தின் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர் மார்சியா லூகாஸ். இது இழுக்கிறது, வெட்டு என்று சொல்ல ஆள் இருந்தார்கள். 1999இல் லூகாஸ் தனியாக எழுதி, தானே இயக்கினார். இருபத்திரண்டு வருடம் கழித்து இயக்குநர் நாற்காலியில் உட்காருகிறார், மறுத்துப் பேச யாரும் இல்லை என்பது படம் தொடங்கும்போதே தெரிகிறது. தொடக்கத்தில் திரையில் நகர்ந்து போகும் எழுத்து ஓட்டத்திலேயே வணிக வழித்தடங்களுக்கு வரி விதிப்பது பற்றிய தகராறு. பிள்ளைகள் என்ன செய்யும்?

அதற்கும் முன்பே, 1997இல், பழைய படங்களிலேயே கை வைத்தார். மேசைக்கு அடியில் துப்பாக்கியை உருவி முதலில் சுட்டவன் ஹான் சோலோ. எதிராளி முதலில் சுட்டதுபோல் அதை மாற்றினார்கள். காசுக்காகவே கப்பல் ஓட்டியவன் கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வந்தான் என்பதில்தான் அந்தப் பாத்திரத்தின் அழகே இருக்கிறது. முதலிலேயே நல்லவனாக்கிவிட்டால் அவன் எங்கிருந்து திரும்பி வருவது? எனக்குக் கோபம் 1999இல் தொடங்கியது அல்ல.


கே.கே.நகர் 96

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். நான் 1996இல் பிறந்தவன். எனக்கு ஸ்டார் வார்ஸ் என்றால் அனகின்தான். வேடர் பிறகு வந்தவர்.

பழைய மூன்றில் பேரரசு சும்மா இருக்கிறது. கெட்டவர்கள், எதிர்க்க வேண்டும், அவ்வளவு. அது எப்படி வந்தது? 2002 படத்தில் போர் வருகிறது என்று சொல்லி, அவசரகால அதிகாரத்தைச் சபையே ஓட்டுப் போட்டு ஒருவர் கையில் கொடுக்கிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிவது கோமாளிப் பாத்திரமான ஜார் ஜார். கெட்ட எண்ணமே இல்லாத, எல்லோரும் வெறுத்த அந்த ஜார் ஜார். 2005இல் அதே சபை கைதட்டி மகிழ்ந்து பேரரசை வரவேற்கிறது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அனகினின் மனைவி பத்மே உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பத்து வயதில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் வராத பயம் அங்கே வந்தது.

1983 படத்தில் வேடர் பேரரசரைத் தூக்கிப் போடும்போது, ஒரு வில்லன் நல்லவன் ஆவதை நீங்கள் பார்த்தீர்கள். அம்மாவை அடிமையாக விட்டுவிட்டுப் போன ஒரு சிறுவன் திரும்பி வருவதை நான் பார்த்தேன். காட்சி ஒன்றுதான். யார் ஜாஸ்தி அழுதார்கள் என்று கேட்டால் நான்தான் என்பேன்.

வசனம் கட்டையாக இருக்கிறது, காதல் காட்சிகளில் உயிர் இல்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். நானே அந்த இடங்களை ஓட்டிவிடுவேன். ஆனால் 1999 படத்தின் கடைசி வாள்சண்டையில் ஜான் வில்லியம்ஸின் கோரஸ் இசை ஏறுகிறதே, அப்போது இது மோசமான படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவே வராது.


அனுப்பானடி

அமெரிக்காவரைக்கும் ஏன் போக வேண்டும். பில்லா 2, 2012. முதல் நாள் போனவன் நான். 2007 பில்லாவில் அந்த ஆள் எங்கிருந்து வந்தான், யார் பெற்ற பிள்ளை என்று ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டு நடந்து வருவார், போதும். கெத்தே அதுதான். அகதியாக வந்தான், இப்படி வளர்ந்தான் என்று சொன்னதில் தப்பில்லை. உழைப்பும் தெரிந்தது. ஆனால் நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

பாகுபலி அப்படியில்லை. 2015இல் கட்டப்பா கத்தியைச் செருகிவிட்டார். ஏன் என்று இரண்டு வருடம் ஊரே கேட்டது. 2017இல் பாதிப் படத்துக்கு மேல் பழைய கதைதான், யாரும் முகம் சுளிக்கவில்லை. கேள்வி முதலில் வந்துவிட்டது, அதனால்தான்.


நாடகக்கொட்டகை

அனுப்பானடி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். மாசி, பங்குனியில் வீட்டில் தங்க மாட்டார். நானும் கூடப் போவேன். வள்ளி திருமணம் எத்தனை ராத்திரி பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்வார் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆயிரம் பேர் விடியவிடிய மண் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு? இன்றைக்கு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் எப்படிப் போகும் என்று பார்க்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டு அப்படியே இருக்கும். நடுவில் நடிகர்கள் சொந்தமாக இழுத்துப் பேசும் வாதத்தில்தான் ராத்திரி போகும். வள்ளியாக வருகிற அம்மா பதிலுக்குத் திணறினால் முன்வரிசைப் பெண்கள் அங்கிருந்தே அடி எடுத்துக் கொடுப்பார்கள்.

முடிவு தெரிந்த கதை என்பதால் முன்கதை சப்பென்று ஆகிவிடும் என்கிறார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். இதே ஸ்டார் வார்ஸில் 2016இல் வந்த ரோக் ஒன் இருக்கிறது. 1977 படத்தின் முதல் எழுத்து ஓட்டத்தில், ஒற்றர்கள் வரைபடத்தைத் திருடினார்கள் என்று ஒரு வரி. அந்த வரியை எடுத்து ஒரு முழுப் படம். திருட்டு ஜெயிக்கும் என்று உட்காரும்போதே தெரியும். அவர்கள் யாருமே பின்னால் வரும் கதையில் இல்லை என்பதால், என்ன ஆகப்போகிறார்கள் என்றும் உள்ளுக்குள் தெரியும். கடைசி இருபது நிமிடம் நான் நாற்காலி நுனியில்தான் இருந்தேன். அதற்கும் முந்தைய கதை ஆண்டோர், 2022இலும் 2025இலும் இரண்டு சீசன். நாயகன் சாகப்போகிறவன் என்று தெரிந்தே இருபத்துநாலு பாகமும் பார்த்தோம்.

ஆக, தெரிந்த முடிவு பிரச்சினை இல்லை. ஆள் மேடைக்கு வந்ததும் அவர் பேச்சைக் கேட்கத் தோன்ற வேண்டும். 2002 படத்தின் அனகின் பேசும்போது எனக்கு அது தோன்றவில்லை. அந்த நடிகரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்த தர்க்கம் பலவீனம்.


மேலூர் டீச்சர்

தமிழாசிரியை என்பதால் எனக்கு இது வேறு இடத்தில் போய் நிற்கிறது. சொல்கிறேன், இழையை விட்டு விலகினால் மன்னிக்கவும்.

நம் ஊரிலேயே ஒரு முன்கதைச் சண்டை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் கடைசிப் பகுதி, கட்டுரை காதை. மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று, பாண்டியன் நெறி தவறியவன் அல்லன், இது ஊழ்வினை என்று சொல்லி, முற்பிறப்புக் கதை ஒன்றைச் சொல்கிறது. சிங்கபுரத்துக்கு வியாபாரம் செய்ய வந்த சங்கமன் என்பவனை, ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான் பரதன். அந்தப் பரதன்தான் இந்தப் பிறப்பில் கோவலன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையில் ஏறிக் குதித்தாள். குதிக்கும்போது விட்ட சாபம் இது.

ஒவ்வொரு வருடமும் இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து கேட்டாள், "அப்போ அந்தப் பொற்கொல்லன் செஞ்சது தப்பில்லையா டீச்சர்?" அவளுக்குக் கோபம். சிலம்பை உடைத்து நீதி கேட்ட பெண்ணிடம் வந்து, எல்லாம் உன் புருஷன் போன பிறவியில் செய்தது என்றால் ஏற்க முடியவில்லை. ரீகல் பெஞ்ச் ஐயாவின் கோபமும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். காரணம் சொன்னவுடன் நடந்தது சிறிதாகிவிடுகிறது. அடுத்த பெஞ்சில் இருந்தவள் மணி அடிக்கும்வரை பேசவில்லை. வெளியே போகும்போது, "நீலி பாவம் டீச்சர். அவளுக்காக யாருமே கேக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதே முன்கதை இவளுக்கு இன்னொரு பெண்ணைக் கொடுத்திருக்கிறது. இருவரில் ஒருத்தியைத் தவறு என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஸ்டார் வார்ஸுக்கு வந்தால், எனக்கு ஒரே ஒரு குறை. 1983 படத்தில், அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று கூடப்பிறந்த லேயாவிடம் லூக் கேட்கிறான். கொஞ்சம்தான், நான் ரொம்பச் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டாள், அழகானவள், அன்பானவள், ஆனால் சோகமாக இருப்பாள் என்று தேடித்தேடிச் சொல்கிறாள். 2005 படத்தில் அந்த அம்மா பிரசவத்திலேயே இறந்துவிடுகிறாள். அப்படியானால் லேயாவுக்கு என்ன ஞாபகம்? நான் சின்ன வயதில் அம்மாவை இழந்தவள். அந்தக் கொஞ்ச ஞாபகம் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியும். அதை லேயாவிடமிருந்து எடுத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படம் பிடிக்கவில்லை என்றால் படத்தோடு நின்றிருக்கலாம். ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், அந்த வெறுப்பைத் தாங்க முடியாமல் உயிரை விட நினைத்ததை 2018இல் வெளியே சொன்னார். அனகினாக நடித்தபோது ஜேக் லாய்டுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையையும் விடவில்லை. 2023இல் வேறு வேடத்தில், குழந்தை ஒன்றைக் காப்பாற்றும் ஜெடையாக, அதாவது ஃபோர்ஸ் அறிந்த வாள்வீரனாக, அகமது பெஸ்ட் ஒரு தொடரில் வந்து நின்றபோது நான் கைதட்டினேன்.


ரீகல் பெஞ்ச்

டீச்சரம்மா, அந்த நடிகர்கள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். கோபம் எழுதியவர் மேல் இருக்க வேண்டும், நடிக்க வந்த பிள்ளை மேல் அல்ல.


கே.கே.நகர் 96

வடகரை அண்ணே, வரிசைக்கு ஒரு நடுவழி இருக்கிறது. 4, 5 பாருங்கள். அப்பா விஷயம் உடைந்த அந்த இடத்தில் நிறுத்தி, 1, 2, 3ஐ ஃபிளாஷ்பேக்காகப் பார்த்துவிட்டு 6க்கு வாருங்கள். ரகசியமும் போகாது, என் அனகினும் போக மாட்டான். சிலர் இதில் 1ஐ மட்டும் தூக்கிவிடுவார்கள், கதைக்குத் தேவையில்லை என்று.


மேலூர் டீச்சர்

1ஐத் தூக்க வேண்டாம். அந்தப் படத்தில் அனகினுக்கு ஒன்பது வயது. உங்கள் மகளுக்கும் ஒன்பது.


அனுப்பானடி

மீனாட்சி கோயிலுக்கு எந்த வாசல் வழியாகப் போனாலும் நம்ம ஊர்க்காரன் முதலில் அம்மனைத்தான் கும்பிடுவான், அப்புறம்தான் சுவாமி சன்னதி. வெளியூர்க்காரன் மாற்றிக் கும்பிட்டால் சாமி கோவித்துக்கொள்ளாது, நமக்குத்தான் மனசு கேட்காது. உங்கள் தம்பிக்கும் உங்களுக்கும் நடக்கிறது இதுதான் அண்ணே.


வைகை வடகரை

பத்து நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. 4, 5, 1, 2 வரை பார்த்துவிட்டோம். கே.கே.நகர் தம்பி சொன்ன வரிசைதான். என் தம்பியும் வந்து உட்கார்ந்தான்.

5இல் அந்த இடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தேன். வாய் பிளப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உடனே, "பொய் சொல்றான்பா" என்றாள். படம் முடிகிறவரை அதையே சொன்னாள். தூங்கப் போகும்போது, "பொய்தானேப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் ஹாஸ்டல் அறையின் அமைதி வேறு, இது வேறு. ஆனால் அதைவிடக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

1ஐ வேண்டாவெறுப்பாகத்தான் போட்டேன். வரி, தூதுக்குழு எல்லாம் ஓடும்போது அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஜார் ஜாருக்குச் சிரித்தாள். ரேஸ் வந்ததும் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையை அவள் கவனிக்கவே இல்லை.

அப்புறம் பிரிகிற காட்சி. பையனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி ஓடி வருகிறான். திரும்பிப் பார்க்காமல் போ என்று அம்மா சொல்லி அனுப்புகிறாள். என் மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். "அந்த ராணிக்கிட்ட அவ்வளவு பெரிய அரண்மனை இருக்குல்ல. அப்புறம் வந்து அம்மாவையும் கூட்டிட்டுப் போவாங்கதானே?" என்றாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

2இல் அவளுக்கு வாள், கப்பல், போர் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. எப்போது போய் அம்மாவைக் கூட்டி வருவார்கள் என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருடம் கழித்து அவன் போய்ச் சேரும்போது அந்த அம்மாவைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவன் கையிலேயே உயிர் போகிறது. மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே மாவு ஆட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவின் முதுகில் சாய்ந்து நின்றாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம்.

இந்தப் படங்களை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயர் ஷ்மி. இந்த வாரம்தான் எனக்கு மனதில் பதிந்தது.


ரீகல் பெஞ்ச்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை தம்பி. ரத்தப் பரிசோதனை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் இந்த ஞாயிறு 1ஐத் திரும்பப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.


கே.கே.நகர் 96

அண்ணே, 3 பாப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஜெடைச் சிறுவர்கள் இருக்கும் கோயிலுக்குள் அனகின் வாளோடு நுழையும் இடத்தைத் தாண்டி ஓட்டிவிடுங்கள். முகமூடியை மாட்டும் காட்சியைக் கட்டாயம் காட்டுங்கள்.


வைகை வடகரை

சரி தம்பி. 3 வருகிற சனிக்கிழமை. 6ஐப் பொங்கல் லீவுக்கு வைத்திருக்கிறோம். அந்த ஆள் சொன்னது பொய்யா என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.